சாலை முதலில், மனை பின்பு!

தூத்துக்குடி மாவட்டத்தின் முகம் மாறி வருகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஜூலை 26 அன்று விமான நிலையத்தின் புதிய முனையத்தைத் திறந்தார்கள். துறைமுகத்துக்குச் செல்லும் 138-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் 5.16 கிலோமீட்டர் தூரத்தை ஆறு வழிச் சாலையாக்கி, அதையும் அதே நாளில் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 4 அன்று, சில்லாநத்தம் சிப்காட் வளாகத்தில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்திலோ, பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டர் சாலையை 1,853 கோடி ரூபாயில் நால்வழியாக்க மத்திய மந்திரிசபை 2025 ஜூலை 1 அன்று ஒப்புதல் தந்திருக்கிறது.

தெற்கே தொழிற்சாலை, வடக்கே நால்வழிச் சாலை. இரண்டுக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில், மாவட்டத்தின் வட எல்லையில் நிற்கிறது வேம்பார்.

வேம்பாரைப் பற்றி நம் தோழர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. முத்துக்குளித்துறையின் ஏழு கடல்துறைகளில் ஒன்று அது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பனங்காடு; வலை இழுக்கிறவனும் பனை ஏறுகிறவனும் சேர்ந்து கட்டிய ஊர். அந்த ஊர் மீனும் கருப்பட்டியும் இந்தச் சாலை வழியாகத்தான் சந்தைக்குப் போகின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பஸ்ஸுக்கு நிற்பதும் இந்தச் சாலையில்தான்; பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தூத்துக்குடிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவதும் இந்தச் சாலையில்தான். ஆகவே, சாலை அகலப்படக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஐஸ் உருகுமுன் மீன் போய்ச் சேரவேண்டும் என்பது மீனவனுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த இன்ஜினீயருக்கும் தெரியாது. நல்ல சாலை வேண்டும் என்று முதலில் கேட்கிறவன் தொழிலாளியே.

நாம் கேட்பது வேறு. எப்போது அகலப்படுத்துவது? யார் நிலத்தை எடுத்து அகலப்படுத்துவது? அகலப்பட்ட சாலையில் யாருக்கு முதல் இடம்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்குங்கள் என்கிறோம்.

மனை வந்த பிறகு விழித்தால்

தொழிற்சாலை வந்த இடத்தைத் தேடி மனை வியாபாரியும் வருவான். இதற்கு ஜோசியம் தேவையில்லை. கோவையிலும் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நாம் கண்டதுதான். முதலில் முள்வேலி. அடுத்து வெள்ளையடித்த எல்லைக் கற்கள். பிறகு, ‘பேருந்து நிலையம் அருகில், நெடுஞ்சாலையை ஒட்டி’ என்று வண்ணப் பலகை. ஐந்நூறு மனை விற்றால் ஐந்நூறு குடும்பம். வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் என்று குறைத்தே கணக்கிட்டாலும் காலையில் ஐந்நூறு வண்டி ஒரே வாயில் வழியாக நெடுஞ்சாலையில் ஏறவேண்டும். கார், தண்ணீர் லாரி, செங்கல் லாரி, பள்ளிக்கூட வேன் எல்லாம் தனி. மனையை அங்கீகரித்த அதிகாரி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாரா? மனைக்குள்ளே தெரு எத்தனை அடி என்று பார்த்தார், சரி. அந்தத் தெருக்கள் எல்லாம் போய்ச் சேரும் பெரிய சாலை எத்தனை அடி என்று பார்த்தாரா?

பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டாம். வேம்பார் வழியே போகும் இதே கிழக்குக் கடற்கரைச் சாலையின் வட முனைக்குப் போனால் போதும். திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் ஆகியவை எல்லாம் ஒரு காலத்தில் வேம்பாரைப் போலக் கடலோரச் சிற்றூர்கள். சென்னையிலே இருந்த பணம் அங்கே மனையாகவும் மாளிகையாகவும் போய் இறங்கியது. வீடுகள் எழுந்து, கடைகள் எழுந்து, வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டத் தொடங்கிய பிறகுதான், திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை ஆறு வழியாக்க வேண்டும் என்ற ஞானம் பிறந்தது. அதற்குள் மண்ணின் விலை விண்ணைத் தொட்டுவிட்டது. வழியிலுள்ள ஊர்களில் நிலம் எடுக்கும் வேலை பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. சாலை போடும் செலவைக் காட்டிலும் சாலைக்கு நிலம் வாங்கும் செலவு பல மடங்காகப் போயிற்று. அந்தப் பணம் யாருடையது? தீப்பெட்டி வாங்கும் ஏழையும் கட்டுகிற வரிப் பணம்!

அதற்கு மேற்கே ஓடும் பழைய மகாபலிபுரம் சாலையின் கதையைப் பாருங்கள். 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக வந்தன. மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை 20 கிலோமீட்டர் சாலையை ஆறு வழியாக்கினார்கள். 2008 டிசம்பரில் சுங்கம் வசூலிக்கவும் தொடங்கினார்கள். ஆறு வழி ஆயிற்றே, நெரிசல் தீர்ந்ததா? இருமருங்கும் அடுக்குமாடிகள் முளைத்தன; சாலை மறுபடி நிரம்பிற்று. மாநகராட்சி எல்லைக்குள்ளிருந்த நான்கு சாவடிகளில் சுங்க வசூல் 2021 ஆகஸ்ட் 30 அன்று நின்றது. இன்று அதே சாலையின் நடுவில் மெட்ரோ ரயிலுக்குத் தூண் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாதவரத்திலிருந்து சிப்காட் வரை செல்லும் அந்தத் தடம், 63,246 கோடி ரூபாய் மதிப்பிட்டு 2024 அக்டோபரில் மத்திய மந்திரிசபை ஒப்புக்கொண்ட இரண்டாம் கட்டத் திட்டத்தின் ஒரு பகுதி. அகலப்படுத்திய சாலையையே திரும்ப வெட்டி வேலை செய்கிறார்கள் என்றால், முதல் நாளே யோசிக்கவில்லை என்றுதானே பொருள்?

அந்தச் சாலையை ஒட்டித்தான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகள் இருக்கின்றன. நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்த பல்லாயிரம் உழைப்பாளிக் குடும்பங்களை 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே கொண்டுபோய் அடுக்கினார்கள். வீடு கொடுத்தார்கள், வேலை பின்னால் தங்கிவிட்டது. வீட்டு வேலை செய்த பெண்ணும், சுமை தூக்கிய கூலியும், மீன் விற்ற ஆச்சியும் பழைய இடத்துக்குப் போய்வர மணிக்கணக்கில் பஸ்ஸில் தொங்கவேண்டி வந்தது. வீட்டைக் கட்டியவர் ஒரு இலாகா, சாலை போட்டவர் ஒரு இலாகா, பஸ் விடுகிறவர் மற்றோர் இலாகா. மூவரும் ஒரே மேஜையில் உட்காரவில்லை. அதன் தண்டனையை இந்த மூவரில் எவரும் அனுபவிக்கவும் இல்லை.

இந்தக் கூத்து வேம்பார்க் கரையிலும் வேண்டாம் என்பதற்காகவே இன்றே எழுதுகிறோம். நாளை எழுதினால் அது இரங்கற்பாவாகத்தான் இருக்கும்.

ஆதாயம் யாருக்கு, நட்டம் யாருக்கு?

முத்துக்குளிப்பின் வரலாறு இந்தக் கரைக்காரனுக்கு மனப்பாடம். 1961-இல் கடைசியாகக் குளித்தார்கள், அத்தோடு நின்றது. காலில் கல்லைக் கட்டி மூச்சடக்கி மூழ்கியவன் ஒருவன். சிப்பியை ஏலம் எடுத்தவன் வேறொருவன். முத்தை விற்று மாடி கட்டியவன் மூன்றாமவன். ஆழம் உழைப்பாளிக்கு, விலை வியாபாரிக்கு!

சாலை அகலப்படுத்துவதிலும் இன்று அதுவேதான் நடக்கிறது. சாலை ஓரத்தில் இருப்பது யார்? டீக்கடைக்காரன், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன், கூடையில் கருவாடு வைத்திருக்கும் பாட்டி, நத்தத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும் கையில் பட்டா இல்லாத குடும்பம். அளவுக்காரர் சங்கிலியோடு வந்தால் முதலில் உதிர்வது இவர்கள்தான். சாலையிலிருந்து உள்ளே தள்ளி நூறு ஏக்கர் வளைத்து மனை போட்டவனுக்கு ஓர் அடி நட்டமில்லை. அவன் மனையின் விலைதான் ஒரே இரவில் ஏறுகிறது.

விலை ஏறுவது வெறும் பேச்சல்ல, சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை எடுத்துப் பாருங்கள். ஒரு மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரம்பு உண்டு. கட்டணம் செலுத்தினால் அதற்கு மேலும் கட்டலாம். எவ்வளவு மேலே? முன்னாலுள்ள சாலை 9 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்குள் இருந்தால் 30 சதவீதம். 12 மீட்டரிலிருந்து 18 மீட்டருக்குள் இருந்தால் 40. 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50. அதாவது, சாலை அகல அகல மாடி உயரலாம். டீக்கடையை இடித்துக் கிடைத்த ஆறு மீட்டர், பின்னால் இருக்கும் செல்வருக்கு இன்னும் சில மாடியாக எழுகிறது! விதியைத் தவறென்று நாம் சொல்லவில்லை; குறுகிய சந்தில் கோபுரம் எழும்பக் கூடாது என்பது நியாயமே. ஆனால், சாலை அகலத்தால் வருகிற லாபம் ஒருவன் பக்கமும், அந்த அகலத்துக்கான நட்டம் இன்னொருவன் பக்கமும் போவது எந்த ஊர் நியாயம்?

அதனால்தான் சொல்கிறோம்: சாலைக்கு நிலம் தரவேண்டியவன், சாலையால் லாபமடைகிறவன். மனைப் பிரிவுக்கு அங்கீகாரம் கேட்டு மனு வரும் நாளே அதற்குரிய நாள். அன்று அது மனை வியாபாரிக்குச் சில சென்ட் நிலம். வரைபடத்தில் ஒரு கோடு. பத்தாண்டு கழித்தோ அது ஐம்பது குடும்பத்தின் கண்ணீர். கஜானாவுக்குப் பல கோடி.

முன்பே செய்து காட்டிய வழி

“சொல்வது சுலபம், நடக்கிற காரியமா?” என்று சிலர் கேட்பார்கள். நடந்த காரியம்தான்!

சென்னை ராஜதானியில் நகரமைப்புச் சட்டம் வந்தது 1920-இல். அதற்குப் பின், 1920-களில், மாம்பலத்தில் ஏரி கிடந்த இடத்தைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தார்கள். நடுவிலே பூங்கா, அதிலிருந்து கதிர்போலப் பிரியும் அகன்ற சாலைகள் என்று முதலில் தெருவைக் கோடிட்டார்கள். பிறகு வீட்டுக்கு மனை விட்டார்கள். நூறாண்டு கழிந்து, அந்தத் தெருக்களில் இன்று நாட்டிலேயே பெரிய ஜவுளி வியாபாரம் நடக்கிறது. கூட்டம் நெரிகிறது, உண்மை. ஆனால் அன்றைக்கு அந்த அகலம் விடாமல் போயிருந்தால் இன்று அங்கே நுழையவே முடியாது. ஏரியைத் தூர்த்ததை நாம் மெச்சவில்லை. அதன் விலையைச் சென்னை ஒவ்வொரு மழையிலும் கொடுக்கிறது. சாலையை முதலில் வைத்ததையே சொல்கிறோம்.

வீட்டு வசதி வாரியம் 1961-இல் அமைந்தது. 1968-இல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த அண்ணா நகரை அந்த வாரியம் வகுத்தபோதும் இதே முறைதான். அவென்யூ என்று அகன்ற சாலைகள், அவற்றிலிருந்து தெருக்கள், தெருக்களில் மனைகள். நடுத்தர வகுப்பாரும் சாமானியரும் அங்கே குடியேறினார்கள். பின்னாளில் சாலைக்காக அங்கே எத்தனை வீட்டை இடித்தார்கள்? வயல்வெளியாய் இருந்தபோதே வழி விட்டதால் அந்தக் கேள்விக்கே பெரிதாக இடமில்லாமல் போயிற்று.

வெளி மாநிலத்தைப் பாருங்கள். ஆமதாபாத்தைச் சுற்றி 76 கிலோமீட்டர் நீளத்துக்கு வட்டச் சாலை போட்டார்கள். ஒருவனுடைய வயலை மட்டும் முழுதாகப் பறித்து மற்றவனை விட்டுவிடும் முறையை அங்கே கைக்கொள்ளவில்லை. நகரமைப்புத் திட்டம் என்ற பெயரில் அந்தப் பகுதி நிலங்களையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரு பங்கைச் சாலைக்கும் பொதுவுக்கும் எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்குபடுத்தித் திருப்பிக் கொடுக்கும் வழியைப் பெரும்பாலும் பின்பற்றினார்கள். நிலம் குறைந்தது எல்லாருக்கும். விலை உயர்ந்ததும் எல்லாருக்கும். சுமையையும் பங்கிட்டார்கள், பயனையும் பங்கிட்டார்கள். குஜராத்தில் நடப்பதெல்லாம் பொன் என்று கூறுவோர் கூட்டத்தில் நாம் இல்லை. ஆனால் நல்ல முறையை எங்கே கண்டாலும் எடுத்துக்கொள்வதில் வெட்கமென்ன?

இதற்கு எதிரிடையான பாடமும் உலகில் உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி என்ற பெருஞ்சாலையை 2008-இல் விரித்து முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்து, சில இடங்களில் 26 தடம்! சில ஆண்டுகளில் அதுவும் அடைத்துக்கொண்டது. காலை மாலை வேளைகளில் முன்னைவிட அதிக நேரம் காத்துக் கிடந்தார்கள். சாலை விரிந்ததைக் கண்டு வீடுகள் இன்னும் தூரத்தில் எழுந்தன. ஒவ்வொருவரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அகலம் மட்டும் நெரிசலைத் தீர்த்துவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டுமா? நாற்பது பேரைச் சுமக்கும் ஒரு பஸ் எடுத்துக்கொள்ளும் இடம் மூன்று கார்களின் இடம். நாற்பது பேரும் காரில் வந்தால் எந்தச் சாலை தாங்கும்? ஆகவே அகலப்பட்ட சாலையில் முதல் உரிமை பஸ்ஸுக்கு, அடுத்தது நடக்கிறவனுக்கு.

நடக்கிறவனைப் பற்றி ஒரு வார்த்தை. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம். மாண்டவர்கள் 17,884 பேர். இவர்களில் பெரும்பாலோர் யார்? மோட்டார் சைக்கிளில் போனவரும் காலால் நடந்தவரும்தான். கடலோர ஊரின் நடுவே நால்வழிச் சாலை ஓடினால், வீடு ஒரு பக்கமும் கடலோ கோயிலோ பள்ளியோ மறு பக்கமும் ஆகிவிடும். சாலை அகலமானால் லாரி வேகமாகப் போகும். பிள்ளை எப்படிக் கடப்பான்? கீழே நடைவழி வைக்காமல், விளக்கு வைக்காமல், பஸ் நிற்க விலக்கு வைக்காமல் தாரை மட்டும் கொட்டிவிட்டுப் போவதற்குப் பெயர் சாலைத் திட்டமா?

தண்டோராப் போட்டால் சட்டமாகுமா?

வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்கு இடிக்கும் இயந்திரத்தின்மேல் காதல் வந்துவிடுகிறது. அவர்களுக்கு 2024 நவம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பை நினைவூட்டுகிறோம்.

உத்தரப்பிரதேசத்தில் மகராஜ்கஞ்ச் என்ற ஊர். 2019-இல் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று ஒருவருடைய பரம்பரை வீட்டை இடித்தார்கள். எழுத்து மூலம் நோட்டீஸ் இல்லை. தண்டோராப் போட்டோம் என்றார்கள். ஆக்கிரமிப்பு என்று அதிகாரிகளே சொன்னது 3.70 மீட்டர், இடித்ததோ அதைவிட எவ்வளவோ அதிகம். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதைக் கண்டித்து, இடைக்கால நிவாரணமாக 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதோடு நிற்காமல், சாலை அகலப்படுத்துவோர் எல்லாரும் கடைப்பிடிக்கவேண்டிய வரிசையை வகுத்து எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. பதிவேட்டின்படி சாலையின் அகலம் எவ்வளவு என்று முதலில் பார்க்கவேண்டும். அளந்து, ஆக்கிரமிப்பு உண்டா என்று காணவேண்டும். உண்டென்றால் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். மறுப்பு வந்தால் காரணம் காட்டி முடிவு சொல்லவேண்டும். காலி செய்ய அவகாசம் தரவேண்டும். இருக்கும் அகலம் போதாது என்றால், சட்டப்படி நிலம் எடுத்துக்கொண்டு அப்புறம்தான் கைவைக்கவேண்டும்.

நம் தோழர்கள் இந்த வரிசையை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். சங்கிலியோடு வரும் அளவுக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம்; “பதிவேட்டைக் காட்டுங்கள்” என்று கேட்டால் போதும்.

நிலம் எடுப்பு பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டம், நில மதிப்போடு அதற்குச் சமமான இன்னொரு தொகையை ஆறுதலாகத் தரச் சொல்கிறது. சொந்தக்காரர் மட்டுமல்ல, மூன்றாண்டாக அந்த இடத்தை நம்பிப் பிழைத்த வாடகைக்காரரும் கைவினைஞரும் தொழிலாளியும் கூடப் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் சேர்வார்கள் என்று அது எழுதி வைத்திருக்கிறது. தெருவோர வியாபாரிகளைக் காக்க 2014-இல் தனிச் சட்டமே வந்தது. முப்பது நாள் நோட்டீஸ் இல்லாமல் அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்பது அதன் விதி. ஏட்டிலே இவ்வளவும் இருக்கின்றன. ஏட்டிலிருந்து இறங்கி வேம்பார்த் தெருவுக்கு வருமா என்பதே கேள்வி. கட்டடக்காரருக்குக் காசோலை, கடை வாடகைக்காரருக்குக் கைகூப்பு என்பதுதான் பல இடங்களில் நாம் கண்ட நடைமுறை.

அங்கீகாரம் இல்லாமல் விற்ற மனைகளின் கதையும் இதோடு சேர்ந்ததே. விளைநிலங்களை வெட்டிக் கூறு போட்டு, ஆளுக்கொரு அகலத்தில் சந்து விட்டு விற்றுத் தீர்த்தார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. 2017-இல் சர்க்கார் வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்றவற்றை ஒழுங்குபடுத்த வழி செய்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு காகிதம் ஒழுங்காயிற்று. தெரு அகலமாயிற்றா? வண்டிமாடு திரும்ப முடியாத சந்து, காகிதத்தில் மனைப்பிரிவுச் சாலை ஆனது, அவ்வளவுதான். வாங்கியவன் பாவம், சிறுகச் சிறுகச் சேமித்த ஏழை. விற்றவன் அடுத்த ஊருக்குப் போய்விட்டான்.

நாம் கேட்பது

ஆகவே நமது கோரிக்கைகளைத் திட்டவட்டமாக முன்வைக்கிறோம்.

முதலாவது: தூத்துக்குடியிலிருந்து மாவட்டத்தின் வட எல்லை வரை கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இன்னும் முப்பது ஆண்டுக்கு எத்தனை அடி வேண்டும் என்பதை இன்றே நிர்ணயித்துக் கோடு போடவேண்டும். அந்தக் கோட்டை ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் தமிழிலே, எல்லாருக்கும் புரியும் வரைபடமாக ஒட்டவேண்டும். கோடு ரகசியமாக இருக்கும்வரை அது முன்கூட்டித் தெரிந்துகொண்டவனுக்கு லாட்டரிச் சீட்டு; பகிரங்கமானால்தான் ஊருக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது: அந்தக் கோட்டை ஒட்டி வரும் மனைப்பிரிவு ஒவ்வொன்றும், தன்னால் பெருகும் போக்குவரத்துக்கு வேண்டிய நிலத்தைத் தானே தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்த பிறகுதான் அங்கீகாரம் பெறவேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பிரிவு பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாகக் கொடுக்கவேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. உள்தெருக்களையும் உள்ளூர் மன்றத்திடம் ஒப்படைக்க வேண்டும். திறந்தவெளிக்கு இருக்கும் கண்டிப்பு பெருஞ்சாலைக்கும் இருக்கட்டும். ஒவ்வொரு வீட்டு வாசலும் நெடுஞ்சாலையில் திறப்பதைத் தடுத்து, பக்கச் சாலை வழியே ஒரே இடத்தில் சேரவைக்க வேண்டும்.

மூன்றாவது: கட்டடக்காரரிடம் உள்கட்டமைப்புக்கென்றும், கூடுதல் தளத்துக்கென்றும் வாங்கும் கட்டணம் எங்கே வசூலாகிறதோ அந்த ஊரின் சாலைக்கும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் செலவாக வேண்டும். வேம்பாரில் வாங்கிய பணம் வேறெங்கோ பாலமாக நிற்கக் கூடாது.

நான்காவது: கோட்டுக்குள் ஏற்கெனவே குடியிருப்போர் பட்டியலை, பட்டா உள்ளவர் பட்டா இல்லாதவர் என்று பாராமல், இப்போதே எடுக்கவேண்டும். மாற்று இடம் அதே ஊரில், தொழிலுக்கு எட்டும் தூரத்தில் கொடுத்த பிறகே ஒரு செங்கல்லையாவது அசைக்கவேண்டும். மீனவனைக் கடலிலிருந்து பத்து மைல் தள்ளிக் குடிவைத்து வீடு கொடுத்தோம் என்று சொல்லக் கூடாது. கட்டுமரத்தை மாடியில் ஏற்றவா முடியும்?

ஐந்தாவது: முதல் வீடு குடியேறும் நாளில் முதல் பஸ்ஸும் வரவேண்டும். தொழிற்சாலை ஷிப்டு மாறும் நேரத்துக்கும், மீன் ஏலம் முடியும் நேரத்துக்கும் பொருந்தப் பஸ் விடவேண்டும்.

இவற்றுக்கு வரும் ஆட்சேபத்தையும் நாம் அறிவோம். இத்தனை நிபந்தனை போட்டால் முதலாளிகள் வரமாட்டார்கள், மூலதனம் வேறு மாவட்டத்துக்கு ஓடிவிடும் என்பார்கள். லாரி ஊர்ந்து போகும் ஊருக்கு எந்த மூலதனம் வரும்? நெரிசலைக் கண்டுதான் தொழில் ஓடுமே தவிர, ஒழுங்கைக் கண்டு ஓடாது. தொழில் நடத்த வருகிறவர் அகன்ற சாலையைக் கண்டு மகிழ்வார். மனையை வாங்கி விற்றுவிட்டுப் போக வருகிறவருக்குத்தான் இந்த நிபந்தனை கசக்கும். அவருக்காக ஊரை அடகு வைக்கச் சொல்கிறார்களா?

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும். சாலையே வேண்டாம், எவனும் வரவேண்டாம், நாம் இருந்தபடியே இருப்போம் என்று. அந்தக் குரலின் அச்சம் நமக்குப் புரிகிறது. ஏமாந்து ஏமாந்து வந்த அச்சம் அது. ஆனால் வெறும் மறுப்பு ஊரைக் காக்காது. நாம் மறுத்துக்கொண்டிருக்கும்போதே மனைக்கல் நட்டுவிடுவார்கள், வண்டி பெருகும், ஒருநாள் “பொதுநலன்” என்று சொல்லி இடிப்பார்கள். அன்று நம் கையில் வெறும் கூக்குரல்தான் மிஞ்சும். இன்று கோடு போடும்போது நாம் பக்கத்தில் நின்றால், அந்தக் கோடு எங்கே போகவேண்டும் என்று சொல்லும் உரிமையாவது நம்முடையதாகும்.

தோழர்கள் செய்யவேண்டிய வேலை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடவேண்டும். கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வரும் கூட்டமாக அதை விட்டுவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சாலையின் புல வரைபடத்தைக் கேளுங்கள்; பதிவேட்டில் அகலம் எவ்வளவு, தரையில் எவ்வளவு என்று ஊரார் முன்னிலையில் அளந்து எழுதிவையுங்கள். தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனுப் போடுங்கள். ஊரைச் சுற்றி எந்த மனைப்பிரிவுக்கு மனு வந்திருக்கிறது, அதற்கு வழி எங்கே என்று தீர்மானத்தில் கேளுங்கள். மீனவர் சங்கமும் பனைத் தொழிலாளர் சங்கமும் வியாபாரிகள் சங்கமும் தனித்தனியே மனுக் கொடுத்தால் மூன்று காகிதம். சேர்ந்து கொடுத்தால் ஒரு குரல். 1908-இல் இதே மாவட்டத்தில், கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ.உ.சி. தலைமையில் ஒன்றுபட்டு நின்றபோதுதான் வெள்ளைக்கார முதலாளி இறங்கி வந்தான். அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு ஒற்றுமையின் பலத்தை நாம் விளக்கத் தேவையில்லை.

ஆளவந்தார்களுக்கும் ஒரு சொல். ராக்கெட்டுக்கு இடம் தேடத் தெரிந்தவர்களுக்குச் சாலைக்குக் கோடு போடத் தெரியாது என்று நாம் நம்பவில்லை. தெரியும், ஆனால் கோடு போட்டால் சில பெரிய மனிதரின் வேலியைத் தொடவேண்டியிருக்கும். ஏழையின் கூரையைத் தொடுவதற்குத் துணிச்சல் தேவையில்லை. அந்த வேலியைத் தொடுவதற்குத்தான் தேவை. அந்தத் துணிச்சலைக் காட்டுங்கள், வேம்பார் மக்கள் தாமே முன்வந்து அளவுக் கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பார்கள்.

சாலை அகலப்படட்டும். அதற்கான நிலம் லாபம் பார்க்கிறவன் பங்கிலிருந்து வரட்டும். சாலை முதலில், மனை பின்பு!